ஊசி நகரவில்லை

பேரம் பேசாமல் என் ஹார்டுவேர் கடையில் பொருள் எடுத்த ஒரே ஆள் என் அக்கா மகளின் கணவன்தான். எடுத்தது முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப், மூன்றடித் துண்டு. வாசலோரம் சாய்த்து வைத்திருந்தவற்றில் நான்கைந்தைத் தூக்கிப் பார்த்து, கைக்குக் கனம் ஒத்துவந்ததைத் தேர்ந்தெடுத்தான். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள். பிறகு உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்து, பைப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, “நல்லா இருக்கீங்களா மாமா?” என்று கேட்டான். மணி ஒன்பதரை.

எட்டே முக்கால் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சிலருக்குச் சீட்டு, சிலருக்குக் குடி, எனக்கு வம்சாவளி. மூன்று வருடங்களாகக் கடை கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு மென்பொருளைப் போட்டு, எங்கள் குடும்பத்தில் பிறந்தவர், செத்தவர், வந்து சேர்ந்தவர், கோபித்துக்கொண்டு போனவர் என்று இருநூற்றுப் பதினெட்டுப் பேரை ஏற்றியிருக்கிறேன். பெயரும் தேதியும் எவனும் போடுவான். என் பெருமையெல்லாம் இடங்களில். பிறந்த இடம், இறந்த இடம், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை எங்கே குடியிருந்தார்; கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சின்னதிலிருந்து பெரியதுக்கு, நடுவில் காற்புள்ளி வைத்து. ‘அங்கதான் எங்கியோ இருந்தாரு’ என்று நழுவுகிற பெரியப்பாவை விடமாட்டேன். எத்தனையாவது வீடு, எதிரே என்ன இருந்தது, மாடி உண்டா என்று கேட்டுக்கேட்டு, மொத்த வியாபாரியிடமிருந்து அசல் விலையைக் கறக்கிற மாதிரி கறந்துவிடுவேன். குடும்பத்தில் எனக்கு ரிஜிஸ்டர் மாமா என்று பெயர். கேலிதான். ஆனால் கேலி செய்கிறவர்கள்கூட அவரவர் பக்கத்தைத் திறந்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

அந்த மென்பொருளில் ஒரு கெட்ட வழக்கம். யாருக்காவது வசிப்பிடம் காலியாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்றை நிறுத்திவிடும். பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அது என்னை நிம்மதியாக உட்காரவிடாது. போன ஞாயிற்றுக்கிழமை இருநூற்றுப் பதினெட்டுப் பேரில் ஒரே ஒருத்தியிடம்தான் அது மிச்சம் இருந்தது. கடுகு.

கடுகு என் அக்கா மகள். பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கியதால் அந்தப் பெயர். மாப்பிள்ளை அவளை ஐந்து வருடம் அடித்தான். முதல் வருடம் இடது காது போனது. மூன்றாவது வருடம் மணிக்கட்டு. ஐந்தாவது வருடம் சூடான அயர்ன் பாக்ஸை முதுகில் வைத்து எண்ணினான். “ஏழு வரைக்கும் எண்ணுனாரு மாமா” என்றாள் என்னிடம். மறுநாள் காலை என் சரக்கு வண்டியில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் அவளை உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கிற ஊரில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு வருடமாகிறது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. காலை எட்டுக்கு வீட்டுக்கு வந்து, போனை அணைத்துவிட்டு, சரியாக ஒரு மணி வரைக்கும் தூங்குவாள். எழுந்ததும் போனைப் பார்ப்பாள். நான் கூப்பிட்டதாக ஒரே ஒரு மிஸ்டு கால் குறுஞ்செய்தி வந்திருந்தால்கூட, பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. அவள் இருக்குமிடம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்காவுக்கே தெரியாது.

வாயால் நான் யாரிடமும் சொன்னதில்லை. விரலால் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கட்டத்தில் கதவு எண், தெரு, ஊர் எல்லாம் அடித்து, மேப்பைப் பெரிதாக்கி, அவள் வீட்டுக் கூரைமேலேயே சிவப்பு ஊசியைக் குத்திவைத்தேன். முக்கோணம் மறைந்தது. வம்சாவளி மரம் முழுமையடைந்த சந்தோஷத்தில் ‘அனைவரையும் அழை’ என்றிருந்த பொத்தானை அமுக்கினேன். மின்னஞ்சல் உள்ள நாற்பத்து மூன்று பேருக்கும் அழைப்பு போனது. அதில் மாப்பிள்ளையும் ஒருவன். கல்யாணத்தின்போது தன் அழகான கையெழுத்தில் அவனே எழுதிக்கொடுத்த முகவரி. விவாகரத்து வழக்கு இன்னும் முடியாததால் மரத்தில் அவன் கணவனாகத்தான் நிற்கிறான். கணவன் என்பதற்கு அதில் கட்டம் இருக்கிறது. அடித்தான் என்பதற்குக் கிடையாது.

இன்று காலை எட்டே முக்காலுக்கு, யார் யார் மரத்தைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் வந்தது. மாப்பிள்ளை பார்த்திருந்தான். இருநூற்றுப் பதினெட்டில் ஒரே ஒரு பக்கத்தை, நான்கு முறை.

அழித்துவிடலாம் என்று அவள் பக்கத்தைத் திறந்தேன். ஆனாலும் கை வியாபாரியின் கை. அழித்தால் சந்தேகம் வரும், வெறுங்கையோடு அனுப்பிய வாடிக்கையாளன் தேடிக்கொண்டே இருப்பான், வேறு சரக்கைக் கொடுத்து அனுப்பு என்றது. எதிர்த்திசையில் எட்டு மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு நகரத்தின் பெயரையும், அங்கே உண்மையாகவே இருக்கும் ஒரு தெருவையும் அடித்துச் சேமித்தேன். கடுகுவுக்கு ஆறு முறை போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவள் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போட்டேன். “ஆள் வந்துட்டானா?” என்றார் ஒருவர். இன்னும் இல்லை என்றேன். “வந்ததும் கூப்பிடுங்க” என்று வைத்துவிட்டார். அவள் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைத் தேடினேன். ஐந்து தலைமுறையின் கதவு எண்கள் என்னிடம் இருந்தன; அது இல்லை.

அப்போதுதான் அவன் பைப்புகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மாப்ள” என்றேன். வேறென்ன சொல்வது.

“விடிகாலைல ஒரு அட்ரஸ் இருந்துச்சு மாமா. கிளம்பலாம்னு இப்பப் பாக்குறேன், வேற ஒண்ணு இருக்கு. ரெண்டும் நேர் எதிர் திசை. பெட்ரோல் விக்கிற விலைக்கு ரெண்டு பக்கமும் அலைய முடியுமா? அதான் ரிஜிஸ்டரையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். எது நிஜம்?”

கணக்கு எனக்குப் புரிந்தது. இப்போது கிளம்பினால் பதினொன்றரைக்கு அவள் கதவில் நிற்பான். அவள் நல்ல தூக்கத்தில், கேட்கிற காதைத் தலையணையில் அமுக்கிப் படுத்திருப்பாள். அவனைப் பொய்யான ஊருக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பதினொரு மணி வரைக்கும் இங்கேயே நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு கிளம்பினால், அவன் போய்ச் சேர்வதற்குள் அவள் எழுந்து என் அழைப்பைப் பார்த்திருப்பாள். உடனே பொய்யைச் சொன்னால் நம்பமாட்டான். கேட்டவுடன் இறங்குகிற விலையை எவனும் நம்புவதில்லை. சரக்கில் ஏதோ ஓட்டை என்று எடுத்த பொருளை வைத்துவிட்டுப் போய்விடுவான். ஏற்ற வேண்டும். வலிக்க வலிக்க ஏற்றி, இனி முடியாது என்கிற இடத்தில் விட வேண்டும்.

“ரெண்டுமே சும்மா போட்டது மாப்ள. அவ எங்க இருக்கான்னு எனக்கே தெரியாது.”

முதல் அடி இடது முழங்கையில். எலும்பின் சத்தம் முதலில் கேட்டது, வலி அப்புறம் வந்தது. அப்படி வரும் என்று எனக்குத் தெரியாது.

“தெரியாதுங்க.”

இரண்டாவது தோளில். சாய்ந்ததில் தட்டு சரிந்து, இரண்டு இஞ்ச் ஆணி டப்பாக்கள் தரையெங்கும் கொட்டின. அவன் பொறுமையாகக் காலால் ஆணிகளை ஒதுக்கி நிற்க இடம் செய்துகொண்டான். கோபமே இல்லை முகத்தில். சுவரில் படம் மாட்டுகிறவன் மாதிரி, எங்கே அடிக்க வேண்டும் என்று பார்த்து அடித்தான். மூன்றாவது முட்டியில் விழுந்தபோது முடித்துவிடலாமா என்று நினைத்தேன். இன்னும் ஒன்று தாங்கு, இப்போது விட்டால் மலிவு என்று உள்ளே ஒரு குரல். நான்காவது விலாவில். அழுதேன். அழுகைக்கு நடிப்பு தேவைப்படவில்லை; அந்த மட்டுக்கு லாபம்.

“சொல்லிடுறேன் மாப்ள. இப்ப இருக்கிறதுதான் நிஜம். ரெண்டு மாசம் முன்ன அங்க மாறிட்டா. இன்னைக்குத்தான் திருத்துனேன்.”

அவன் மூச்சை விட்டான். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மாமா. வயசான காலத்துல எதுக்கு இதெல்லாம்?” என்று என்னைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தான். பைப்பைக்கூட எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சாய்த்தான். வியாபாரம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வழி பார்ப்பதற்காகப் போனை எடுத்தவன், விரலை வைத்தபடி அப்படியே நின்றான்.

“மாமா.”

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். மேலே பொய்யான ஊரின் பெயர். கீழே மேப். அதில் சிவப்பு ஊசி, கடுகுவின் கூரைமேல், ஞாயிற்றுக்கிழமை நான் குத்திய இடத்திலேயே நின்றது.

“எழுத்த மாத்துனீங்க. ஊசிய மாத்தலையே.”

இடத்தின் பெயர் ஒரு கட்டம், மேப்பில் அதன் புள்ளி வேறொரு கட்டம். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. எனக்குத் தெரியாத விஷயமா? தாத்தாவின் ஊரைத் திருத்திவிட்டு ஊசியைக் கடலுக்குள் விட்டிருந்த சித்தப்பா மகனுக்கு இதைப் பற்றி ஒரு பக்கத்துக்கு அறிவுரை எழுதி அனுப்பியவன் நான்தான்.

“எந்தக் கையால மாமா டைப் அடிப்பீங்க?”

“ரெண்டாலயும்.”

வலது கையைக் கல்லா மேசையில் விரித்துவைத்துக் கடையின் ஒரு பவுண்டு சுத்தியலால் அடித்தான். மூன்று விரல். நான் போட்ட சத்தத்தை எதிர்சாரி கிரில் பட்டறையின் வெட்டுச் சத்தம் விழுங்கிவிட்டது. பிறகு என் போனைத் தரையில் வைத்து அதே சுத்தியலால் தட்டினான். ஆணி அடிக்கிற மாதிரி, நடுவில், ஒரே தட்டு.

“அங்க கதவு எப்படி? நீங்க போட்டதா?”

நான் நசுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

“நீங்க போட்டதுன்னா இது பத்தாது” என்று சுத்தியலை வைத்துவிட்டு மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்தான். இரண்டு கையையும் பார்த்தான்; சட்டையைப் பார்த்தான். என் ரத்தம். “இப்படியே ரோட்ல போனா நாலு பேர் கேப்பாங்க” என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையோடு கடைக்குள் பின்பக்கமிருந்த குழாயடிக்குப் போனான். எப்போதும் சுத்தமான ஆள். கல்யாணத்துக்கு அதைச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார்கள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

ஆணிகள்மேல் முட்டி போட்டுத் தவழ்ந்தேன். முழங்கை உடைந்த இடது கையில் விரல்கள் இன்னும் என் பேச்சைக் கேட்டன. ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியை வாயாலும் அந்தக் கையாலும் பிடித்து மாட்டி, என் எண்பத்திரண்டு கிலோவையும் அதில் தொங்கவிட்டேன். ஷட்டர் இறங்கியது, கூடவே நானும். விற்பனைக்குத் தொங்கிய ஏழு லீவர் பூட்டு ஒன்றைப் பிய்த்து உள்பக்கக் கீழ் வளையத்தில் போட்டு அமுக்கினேன். யாராலும் உடைக்க முடியாது என்று முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி விற்ற பூட்டு. உண்மையா என்று நான் பார்த்ததில்லை. சாவியை ஷட்டருக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இரண்டு விரற்கடை இடைவெளி வழியாக வெளியே சுண்டிவிட்டு, பூட்டின்மேல் குறுக்காகப் படுத்துக்கொண்டேன்.

குழாய் நின்றது.

“டேய்” என்றான் இருட்டுக்குள்ளிருந்து. ஏழு வருடத்தில் முதல் முறையாக என்னை ஒருமையில் கூப்பிட்டான்.

“பின்வாசல் சுவரு வச்சு அடைச்சுட்டேன் மாப்ள, போன வருஷம். ஒரே வழிதான்” என்றேன். “ஒரு மணி நேரம் உக்காந்து பேசலாம்.”

கடப்பாரை ஷட்டரில் விழுந்தது. கடை முழுக்க மணி அடித்த மாதிரி அதிர்ந்தது. அடுத்தது என் தொடையில். அதற்கடுத்ததை எங்கே வாங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவன் என் சட்டையைப் பிடித்து இழுக்க, நான் ஷட்டரின் கைப்பிடிக்குள் இடது கையைக் கொடுத்து வைத்திருந்ததால் கை வந்தால்தான் உடம்பு வரும் என்கிற நிலை. மூச்சு வாங்க நிறுத்தினான். நிறுத்தியபோது என் கன்னம் தரையில் இருந்தது. இடைவெளி வழியாக வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்து, சிதறிக் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டில் வெளியே இரண்டு செருப்புகள் வந்து நின்றன. ரப்பர் செருப்பு, இடதில் வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியது.

“அண்ணே, கடை இருக்கா? ரெண்டு இஞ்ச் ஆணி அரை கிலோ வேணும்.”

கடப்பாரை அசையாமல் நின்றது. அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை கத்தினால் தெரு கூடிவிடும். கூடினால் ஷட்டரை உடைத்துத் திறப்பார்கள்; திறந்தால் முதலில் வெளியே போகிறவன் நானாக இருக்கமாட்டேன். வாசலில் அவன் பைக் நிற்கிறது.

“இருக்குங்க” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “கொஞ்சம் நேரம் ஆகும்.”

“உள்ள என்னண்ணே அப்படிச் சத்தம்?”

“சரக்கு இறக்குறோம்.”

“ஓ. எவ்ளோ நேரமாகும்?”

“பதினொண்ணு ஆயிரும். நில்லுங்க, நல்ல விலை போட்டுத் தரேன்.”

செருப்புகள் யோசித்தன. பின் ஒன்று இன்னொன்றின் கணுக்காலைச் சொறிந்தது. “இங்க ஒரு புதுச் சாவி கிடக்குதுண்ணே, உங்களுதா?”

எனக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் நெருங்கி, குனிந்து, என் தலைக்கு மேல் வந்து நின்றது. மாப்பிள்ளையும் அந்த வெளிச்சக் கோட்டைத்தான் பார்க்கிறான்; சாவி உள்ளே வந்தால் பூட்டு அவனுடையது.

“அங்கயே இருக்கட்டும்” என்றேன். “தொடாதீங்க.”

அந்த ஆள் ஷட்டருக்கு முதுகைக் கொடுத்துப் படியில் உட்கார்ந்தான். கோட்டில் பாதி இருண்டது. மீதிப் பாதியில், அவன் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளி, சாவி வெயிலில் கிடந்தது.