எண்பத்தேழாவது பார்வையாளர்

நான் நடத்திய குத்துச்சண்டைப் போட்டி ஒன்றைப் பார்க்க ஒரு திமிங்கலம் வந்தது. போகிற போக்கில் எட்டிப் பார்த்ததல்ல. மூன்றாம் சுற்று முடியுமட்டும் ஆடாமல் அசையாமல் இருந்து பார்த்துவிட்டு, வாலால் இரண்டு தரம் கைதட்டிவிட்டுத்தான் போனது.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் பென்சன்காரன், பொறுத்திருக்க நேரம் இருக்கிறது.

1999ஆம் ஆண்டு, வைகாசி. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிற்றால் கட்டுகிறவர்களுக்கு அப்போது நான்தான் தலைவன். குலசிங்கம் கட்டிய முடிச்சு என்றால் ஏழு கடலிலும் மரியாதை. ஒரு கிரேக்கக் கப்பல் என் முடிச்சை அவிழ்க்க ஏலாமல் ஒன்பது நாள் நின்று, பத்தாம் நாள் இறங்குதுறையில் பாதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

வேலை முடிந்தால் நான் போகிற இடம் சரக்கு வைக்கிற ஒரு பழைய கிட்டங்கி. ஒரு காலத்தில் சீமெந்து அடுக்கினார்கள். பிறகு சண்டை வந்தது, சீமெந்து வருவது நின்றது. பதினொரு வருசமாக அதற்குள் எங்கள் குத்துச்சண்டைக் கழகம் நடந்தது. கப்பல் கயிற்றால் மேடையைச் சுற்றிக் கட்டியிருந்தோம். பின்னேரம் ஓட்டைக் கூரையால் வெயில் கம்பி கம்பியாக இறங்கும். பழைய சீமெந்துத் தூசு அதற்குள் மிதக்கும். அந்தத் தூசுக்குள் பையன்கள் குதிகால் படாமல் ஆடுவதைப் பார்த்தால், தண்ணீருக்கு அடியில் இருந்து பார்க்கிறது போல இருக்கும்.

அப்படி இருக்கையில் ஊரில் கடை வைத்திருந்த மஹ்ரூப் கத்தாரிலிருந்து திரும்பி வந்து இறங்கினார், ஒரு பெட்டி நிறைய வீடியோ கசெற்றுகளோடு. எல்லாம் கூண்டுச் சண்டை. கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேர். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் பிடித்து விழுத்தலாம், விழுந்தவனுக்கு மேலே ஏறி இருக்கலாம். கலப்புத் தற்காப்புக் கலை என்று இப்போது பேப்பர்களில் பெரிய பெயர் வைத்து எழுதுகிறார்கள். மஹ்ரூப் கடைக்குள் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்தார். என் பையன்களில் பாதிப் பேர் அங்கே போய்க் குந்திக்கொண்டார்கள்.

"இது சண்டை இல்லை மஹ்ரூப், பஸ்சில சீட் பிடிக்கிறது" என்றேன்.

"உங்கட குத்துச்சண்டை மட்டும் என்ன? காலை வீட்டில வச்சிட்டு வந்து விளையாடுற விளையாட்டு" என்றார் அவர்.

மஹ்ரூபைப் பற்றி ஒன்று சொல்லவேணும். மனிசன் பொய் சொல்ல மாட்டார். அதுதான் அவரோடு பெரிய கரைச்சல். நான் நூறு பேர் வந்தவை என்றால், "எழுபத்திரண்டு" என்பார். நான் சுறா என்றால், "சின்னச் சூடை மீன்" என்பார். மற்றவன் ஒரு விசயத்தைப் பிழையாகச் சொன்னால் அவருக்கு உடம்பெல்லாம் கடிக்கும், சொறியத் தொடங்குவார். திருத்தினால்தான் நித்திரை வரும்.

அந்த மஹ்ரூப் என் கிட்டங்கியைக் கேட்டார். அங்கே கூண்டு கட்டவேணுமாம். கொழும்பில் இருந்த கிட்டங்கி முதலாளி தகவல் அனுப்பினார்: போட்டி ஒன்று வையுங்கோ, எந்தச் சண்டைக்குச் சனம் கூடவோ அவைக்குத்தான் திறப்பு. எண்ணிக்கைத் தாளில் இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும். வெள்ளிக்கிழமை நானே வருவேன்.

திறப்பு, அதுதான் சாவி, கைவிட்டுப் போனால் கழகம் போச்சு.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடமாக ஒரு பழைய பாதையைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் லொறியும் பஸ்சும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கிற பெரிய இரும்பு மிதவை. இது ஓடித் தேய்ந்து, கொட்டியாரக் குடாக் கரையில் சும்மா கிடந்தது. அதை ஒரு தென்னங்குற்றியில் என் கையால் கட்டினேன். முதல் மூன்று சுற்று குத்துச்சண்டை, அடுத்த மூன்று கூண்டுச் சண்டை. குத்துச்சண்டை பிடித்தவர்கள் வலப்பக்கம், கூண்டுச் சண்டை பிடித்தவர்கள் இடப்பக்கம். மனம் மாறினால் பக்கம் மாறலாம். கடைசியில் தலை எண்ணுவது கமலாதேவி ரீச்சர். பள்ளிக்கூடச் சோதனை மண்டபங்களில் இருபது வருசம் பிள்ளைகளை எண்ணிப் பழகினவ.

என் பக்கம் தம்பிராசா. சல்லி ஊரில் கரைவலை இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் பலாப்பழம் போல இருக்கும். மஹ்ரூப் பக்கம் ஆதம்பாவா, கிண்ணியாவில் எருமைகளைக் கொம்பில் பிடித்து நிறுத்துகிறவர். ஆறு சுற்றும் இவர்கள் இரண்டு பேரும்தான், அவரவர் கையுறையோடு. நான்கு மணிக்குள் முடிக்கவேணும் என்று கடற்படை அனுமதி தந்தது. இன்னொன்றும் சொன்னார்கள்: மணி அடிக்கக் கூடாது, துறைமுகத்தில் மணி கேட்டால் ஆபத்து என்று நினைப்போம். அதனால் நான் விசில் ஒன்று வாங்கினேன்.

வந்த சனம் நூற்றெழுபத்திரண்டு. வலப்பக்கம் நூற்றொன்று. என் வாய் காதுவரைக்கும் போனது. முதல் சுற்று. தம்பிராசா ஆடினார் பாருங்கள், பறந்து வந்த இலையான் ஒன்று அவர் தோளில் இருக்க நினைத்து மூன்று தரம் தவறியது. சுற்று முடிந்தது. நான் விசிலை எடுத்து நீளமாக ஊதினேன்.

நான் செய்த பிழை அதுதான். அந்த நாளில் எங்கள் ஊரில் விசிலுக்கு ஒரே அர்த்தம்: இறங்கு, அடையாள அட்டையை எடு, வரிசையில் நில். பஸ்சில், சந்தியில், பாதையில், எங்கேயும் அதுதான். நான் ஊதினதுதான் தாமதம், நூற்றெழுபத்திரண்டு பேரும் ஒரே மூச்சில் எழும்பி, அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசை கட்டி விட்டார்கள். ஊதின நானே என் சேட்டுப் பொக்கற்றைத் தடவினேன் என்றால் பாருங்கள்.

தம்பிராசாவும் வரிசையில் போய் நின்றார். அட்டை அவருடைய கால்சட்டைப் பைக்குள். கையில் குத்துச்சண்டைக் கையுறை, இரண்டு பூசணிக்காய். விரலே இல்லாமல் அட்டையை எப்படி எடுக்கிறது? மனிசனுக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் நின்ற ஆதம்பாவா, "பொறுங்க மச்சான்" என்று சொல்லித் தன் அட்டையையும் எடுத்து, தம்பிராசாவின் பைக்குள் கைவிட்டு அவருடைய அட்டையையும் எடுத்துக் கொடுத்தார். கூண்டுச் சண்டைக் கையுறையில் விரல்கள் வெளியே இருக்கும்.

மஹ்ரூப் ஒரு இரும்புத் தூணில் ஏறிவிட்டார். "பாத்தியளா சனங்களே! எங்கட கையுறையோட அடையாள அட்டை எடுக்கலாம்! அவர்ர கையுறையோட நிண்டா உள்ளுக்குத்தான் போகணும்!"

அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய நியாயம் இருக்கிறதா? நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என் ஆட்கள், நான் பால் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்த ஆட்கள், திரள் திரளாக இடப்பக்கம் ஓடினார்கள். பாதை அந்தப் பக்கம் சாய்ந்தது. கயிறு விறைத்தது. ஒரு பெரிய சத்தம்.

முடிச்சு அவிழவில்லை. இதை எங்கேயும் வந்து சொல்லுவேன். தென்னங்குற்றிதான் முடிச்சோடு சேர்ந்து வேரும் மண்ணுமாக வெளியே வந்தது.

கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற மாதம். பாதை மெல்ல, யாரோ கைப்பிடித்துக் கூட்டிப் போகிறது போல, குடாவுக்குள் மிதந்தது. தென்னைகள் சிறுத்தன. கடற்படைக் காவலரணின் கொடி ஒரு பூவரசம் பூ அளவாகியது. அனுமதியில்லாமல் கடலில் நகர்ந்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஆரும் ஓடாதேங்கோ" என்றா கமலாதேவி ரீச்சர். "பாதை கவிழாமல் இருக்கவேணும் எண்டால் ரெண்டு பக்கமும் சமனாய் இருக்கவேணும்." சோதனை மண்டபத்தில் பிள்ளைகளை இருத்துகிறது போல ஒவ்வொருவராய்க் கைபிடித்து இருத்தினா. வலப்பக்கம் எண்பத்தாறு, இடப்பக்கம் எண்பத்தாறு. பாதை நிமிர்ந்தது.

"இனி என்ன ரீச்சர்?" என்றேன்.

"சண்டையை நடத்துங்கோ, அண்ணை. சும்மா இருந்தால்தான் சந்தேகப்படுவினம். சண்டை பிடிச்சால் விளையாட்டு எண்டு தெரியும்."

ஆதம்பாவா ஆசையாய்ப் போய்த் தம்பிராசாவின் இடுப்பைப் பிடித்தார். பாதை ஒரு ஆட்டம் ஆடியது. "விழுத்தக் கூடாது! நடுவில நிண்டு குத்துங்கோ, அவ்வளவுதான்!" என்றா ரீச்சர். ஆக மிச்சமும் குத்துச்சண்டைதான். கடலும் என் பக்கம்.

அந்தச் சண்டையைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. விசில் இல்லை, கைதட்டு இல்லை. இரும்புத் தட்டு மூச்சு விடுகிறது போல எழும்பித் தாழ்ந்தது. அதற்கு ஏற்றபடி அவர்கள் இரண்டு பேரும் நடந்தார்கள். கையுறைகள் காற்றில் போய், வேண்டிய நேரம் எடுத்து, மற்றவரின் தோளில் வந்து இறங்கின. பாதையைச் சுற்றிச் சொறிமுட்டைகள், அந்த ஜெல்லிமீன்கள், வெள்ளைக் குடை விரித்துக்கொண்டு போயின. வெயில் தேன் நிறமாய்ப் பழுத்திருந்தது. அம்மாவின் மடியில் இருந்த ஒரு குழந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பு தண்ணீருக்கு மேலால் போய்த் திரும்பி வந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் வலப்பக்கத்துக் கடல் கறுத்தது. பிறகு நீலமாகியது. பிறகு அது எழும்பியது.

ஏழு லொறியை வரிசையில் விட்டால் வருகிற நீளம். சரி, பத்து. அது விட்ட மூச்சு பனிமூட்டமாக எங்கள் மேல் இறங்கியது. கருவாடு காயப்போட்ட நாளின் சல்லிக் கரை போல ஒரு மணம். ஒரு கண், தோடம்பழம் அளவு, தண்ணீருக்கு மேலே வந்து நின்றது. அந்தக் கண் தம்பிராசா இடப்பக்கம் ஆடினால் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் ஆடினால் வலப்பக்கம் வந்தது. சண்டைக்காரர் இரண்டு பேரும் அதைக் கண்டும் நிற்கவில்லை. நித்திரையில் நடக்கிறவர்கள் போல, இன்னும் மெதுவாக, இன்னும் அழகாக ஆடினார்கள். நூற்றெழுபத்திரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். யுத்தம் எங்கேயோ வேறு நாட்டில் நடந்தது.

மூன்றாம் சுற்று முடிந்து இரண்டு பேரும் கட்டிப் பிடித்தபோது, அது வாலைத் தூக்கி அடித்தது. எழும்பிய அலை பாதையைத் தூக்கிக் கொண்டுபோய், புறப்பட்ட இடத்திலேயே கரையில் வைத்தது. காவலரண்காரர் துவக்கோடு ஓடி வந்து அடையாள அட்டை கேட்டார்கள். எல்லார் கையிலும் அட்டை ஏற்கெனவே இருந்தது. அந்த யுத்தத்தில் அவ்வளவு கெதியாக முடிந்த சோதனை வேறு கிடையாது.

"ரீச்சர், எழுதுங்கோ" என்றேன். "இடப்பக்கம் எண்பத்தாறு. வலப்பக்கம் எண்பத்தேழு."

"எந்த எண்பத்தேழு?" என்றார் மஹ்ரூப்.

"திமிங்கலம்!"

மஹ்ரூப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ட கண்ணாடி நனைஞ்சு போச்சு. நான் என்னத்தைக் கண்டன்?"

வரவில்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள். பொய் சொல்லாத மனிசன். ஊரே கண்டது, அவர் மட்டும் காணவில்லை. அவருடைய கையெழுத்து இல்லாமல் எண்பத்தேழை எழுத ஏலாது. நாலு நாள் அவர் கடை வாசலில் நின்று கெஞ்சினேன். "கண்ணாடி நனைஞ்சு போச்சு குலசிங்கம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி வந்தார். கிட்டங்கி வாசலில் ஒரு வெங்காய லொறியும் வந்து நின்றது. ரீச்சரின் தாளைப் பார்த்தார். "எண்பத்தாறு, எண்பத்தாறு. சமன் எண்டால் ரெண்டு பேருக்கும் இல்லை. நான் வெங்காயம் வைக்கப்போறன்."

தம்பிராசாவும் ஆதம்பாவாவும் சுவரோரம் நின்றார்கள். இந்த நாலு நாளும் அவர் இவருக்குக் குத்தும், இவர் அவருக்குப் பிடியும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். இரண்டு பேரும் வெங்காய மூட்டைகளையே பார்த்தார்கள். மூட்டைகளுக்கு விடுகிறதைவிடக் கூண்டுக்கு விடலாம் என்று எனக்குப் பட்டது.

"முதலாளி, ஒரு பார்வையாளர் கணக்கில விடுபட்டுப் போச்சு" என்றேன். "ஒரு திமிங்கலம். அது மஹ்ரூபின்ர பக்கம்தான் வந்தது. இடப்பக்கம். அவருக்கு எண்பத்தேழு. திறப்பை அவரிட்டக் குடுங்கோ."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், என் வீட்டு ஆட்களுக்குச் சொல்லியனுப்பலாமா என்று யோசித்தது தெரிந்தது. மஹ்ரூபின் கழுத்து சிவந்து வந்தது.

"இடப்பக்கம்," நான் மெதுவாகச் சொன்னேன், "கண்ணை உருட்டி உருட்டிப் பாத்தது. வாலால ரெண்டு தரம் கைதட்டினது."

லொறிக்காரன் பின்கதவைத் திறந்தான். மஹ்ரூப் ஒரு தரம் உடம்பைச் சொறிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

"முதலாளி, இந்த மனிசன் சொல்றது பொய்" என்றார். "இடப்பக்கம் இல்ல. ரீச்சர், எழுதுங்க, நான் கையெழுத்து வைக்கிறன். அது வலப்பக்கம்தான் வந்தது, இவர்ர பக்கம். என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன்." பிறகு என் பக்கம் திரும்பிக் கோபத்தோடு சொன்னார்: "கைதட்டினது ஒரு தரம்தான்."