போர்த் தண்ணீரில் வாடை

சசிரேகா அக்கா குடத்துக்குள் மூக்கை வைத்து முகர்ந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மண்ணூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீட்டின் சொந்தக்காரர் அவர். ஏழு மாதக் கர்ப்பம். வளாகத்துக்கே ஒரு போர்க்கிணறுதான். அவர் குடிப்பதும் அதுதான்.

"இன்னாபா, தண்ணி பெட்ரோல் பங்க் மாதிரி வாட அடிக்குது?"

கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் அறைக்கூட்டாளி முப்பிடாதி பல் விளக்கியபடியே சொன்னான்: "கம்பெனிக்காரன் கழிவ ஏரில விடுதான்க்கா. பஞ்சாயத்து தலைவரு வாய அடைச்சிட்டானுவ. நாளைக்கு மே ஒண்ணு, கிராம சபைல நாறடிக்கேன் பாருங்க."

"நீ பேசினா மைக்கே ஓடிப்பூடும்" என்று சிரித்தார் அக்கா. தண்ணீரைக் கொட்டவில்லை. உள்ளே கொண்டுபோனார்.

முப்பிடாதி சொன்னது பொய்யில்லை. கால்வாயில் நுரை போவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எதையும் சரிபார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. சரிபார்த்த பிறகும் வராது, அது வேறு விஷயம்.

தண்டலத்தில் மாலை வகுப்புக்குப் போகும் வழியில், கம்பெனி மதிலை ஒட்டிய அடிபம்பில் ஒரு பாட்டில் பிடித்தேன். ஏரிக்கும் அதுதான் பக்கம். வாடையே இல்லை. என் மூக்கை நம்பாமல், எங்கள் போர்த் தண்ணீரையும் சேர்த்து வகுப்பில் கூடப் படிக்கும் கலைமணியிடம் நீட்டினேன். எது எங்கிருந்து என்று சொல்லவில்லை.

"இத்த எவன்யா குடிப்பான்?" என்று எங்களுடையதைத் தள்ளினான்.

வாடை ஏரியிலிருந்து வரவில்லை என்றால் பக்கத்தில்தான் எங்கோ. மறுநாள் காலை பின்பக்கப் பட்டறையைச் சந்தேகப்பட்டேன். அடுத்து, பக்கத்து வீட்டு ஜெனரேட்டரை. பிறகுதான் குளியலறை ஓரம் வரிசையாக நின்ற வாளிகள் கண்ணில் பட்டன.

யூனிஃபார்மில் ஏறும் எண்ணெய்க் கறை சோப்புக்குப் போகாது. கம்பெனியில் இயந்திர பாகங்களைக் கழுவும் லிக்விடைத் தண்ணீர் பாட்டிலில் நிரப்பி, செக்யூரிட்டி முன்னால் ஒரு வாய் குடிப்பதுபோல நடித்து வெளியே கொண்டுவருவோம். புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் வாரமே இந்த நடிப்பைப் பழக்கிவிடுவோம். துணியை அதில் ஊறவைத்து அலசிய தண்ணீர் போரை ஒட்டிய பள்ளத்தில் போகும். என் வாளியும் அங்கே இருந்தது. குனிந்தேன். அதே வாடை.

முப்பிடாதியை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வாய மூடுல. பாட்டில் விசயம் தெரிஞ்சா கம்பெனி கேட்டுலயே நிப்பாட்டிருவான். அவன் லாரி லாரியா ஊத்துதான், ஒன் வாளிதான் ஊரக் கெடுக்குதாக்கும்?"

"ஊர இல்லல. இந்தப் போர."

கம்பெனி வைத்த ஒற்றனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்.

சபையில் அவன் நன்றாகவே பேசினான். நுரையைப் பற்றிக் கேட்டது அத்தனையும் நியாயம். கைதட்டினார்கள். தலைவர் முகம் மாறாமல், "ஆள் வுட்டு டெஸ்ட் பண்ணச் சொல்றேன், ஒரு மாசம் ஆவும்" என்றார். எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. ஒரு மாதம் என்றதும் எனக்கு ஏன் நிம்மதியாக இருந்தது என்று யோசித்தபோது, என் மேலேயே நம்பிக்கை போனது. அதுவரை அக்கா இதைத்தான் குடிப்பார்.

திரும்பி வந்தபோது அவர் குழாயடியில் குடம் வைத்திருந்தார்.

"அதக் குடிக்காதீங்கக்கா."

"ஏம்பா, கம்பெனி தண்ணின்னு சொல்ட்டாங்களா?"

"கம்பெனியோடதுதான்க்கா. கொண்டாந்து ஊத்துனது நாங்க."

அவர் குழாயை மூடினார். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"எத்தினி நாளா?"

பின்னால் நின்ற முப்பிடாதிதான் சொன்னான்: "நாங்க குடி வந்ததுலேர்ந்துக்கா."