உடம்பில் ஒட்டாத சோறு

மூன்றாவது முறையாக அவள் சோறு போட்டபோது, ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்டர் வேலை பார்க்கும் அவள் கணவன் தலை நிமிராமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான்.

"இவ்வளவு திங்கறவன் ஏன் எலும்புந்தோலுமா இருக்கான்? நீ என்னத்தைத்தான் போடறே என் பிள்ளைக்கு?"

அவள் குனிந்து குழம்பை ஊற்றினாள். கை கழுவியதும் அவன் கழிப்பறைக்கு ஓடுவதும், வெகு நேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவதும் அவளுக்கு மட்டுமே தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு டாக்டர் காசநோய் என்றார். இன்னொருவர் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அதையும் அடியோடு நிறுத்திப் பார்த்தார்கள். சாரத்தில் நிற்கும்போதே கண் இருட்டி அவன் சரிந்த பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்கள்.

"குடலோட உள்பக்கம் வெல்வெட் துணி மாதிரி இருக்கணும். அந்த இழைங்கதான் சத்தை இழுக்கும். உங்க உடம்பே அதை எதிரின்னு நெனச்சு அழிச்சிடுச்சு. ரொம்ப அபூர்வம் இது," என்றார் அந்த டாக்டரம்மா.

"எமரி பேப்பர் போட்டு வழவழன்னு தேய்ச்ச சுவருன்னு சொல்லுங்க," என்று அவன் சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதே, இனிப் பிழைத்துக்கொள்வான் என்று அவள் நம்பினாள். ஸ்டீராய்டு மாத்திரையில் அவன் கன்னம்கூட உப்பியது. மாத்திரையைக் குறைத்ததும் எல்லாம் பழையபடி ஆனது. வேறு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. பிறகு போட்ட ஊசியில் எதிர்ப்புச் சக்தி குறைந்து நெஞ்சில் சளி கட்டி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. இப்போது கழுத்து நரம்பில் குழாய்; அதில் சத்துக்காக இறங்கும் பால் போன்ற வெள்ளைத் திரவம். வாயில் எதுவும் படக் கூடாது.

"எவ்வளவு நாளைக்கு டாக்டர் இப்படி?"

"நிறுத்தினா தாங்க மாட்டார். விட்டு வச்சா குழாய்ல கிருமி வரும். பார்க்கலாம்மா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அவள் முகத்தைப் பார்க்காமல் டப்பாவை நீட்டினாள். "நீ எப்பம்மா சாப்பிட்டே?"

அவள் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கப் போனாள். உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான்.

"இங்கயே சாப்பிடு."

"உங்க முன்னாடியா? என்னால முடியாதுங்க."

"ஒருத்தர் சாப்பிடறதைப் பாத்தே ரொம்ப நாளாச்சு. உக்காரு."

கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் கண் கொட்டாமல் பார்த்தான். அவள் மெல்லும்போதெல்லாம், ஒட்டிய கன்னத்துக்குள் அவன் தாடையும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. விழுங்கினால் அது நின்றுவிடுமே என்று, கரைந்து கூழாகிப்போன பின்னும் அவள் அந்த ஒரு வாயையே மென்றுகொண்டிருந்தாள்.