கணக்கு சார் இன்றும் லீவு

எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் துளசிராமன் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிறார். வருகிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் வராத நாட்களில் என் மகள் ஏஞ்சலின் வகுப்பைச் சத்துணவு ஆயா கன்னியம்மாதான் பார்த்துக்கொள்வார். வெங்காயம் உரித்தபடியே, "வாய்மேல கை வையி" என்பார். அன்றைய கணக்குப் பாடம் முடிந்தது.

காலை ஷிப்ட் முடித்த கையோடு, கம்பெனி யூனிஃபார்முடனேயே தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றேன்.

"எங்க கம்பெனில அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வராம மிஷினை வுட்டு நவுந்தா வேலையே பூடும் மேடம். இங்க மட்டும் எப்டி?"

"அது மிஷின், ஹெலன். நின்னா நஷ்டம். இது பசங்கதானே."

"சரி, சார் இன்னிக்கு எங்க போய்க்கீறாரு?"

மேடம் முகம் இளகியது. "பாவம்மா. அவர் பையன் படிக்கிற ஸ்கூல்ல கணக்கு டீச்சர் ஒரு வாரமா வரலையாம். யாரையோ உக்கார வச்சு ஒப்பேத்துறாங்களாம். பெத்த மனசு தாங்குமா? நியாயம் கேக்கப் போயிருக்காரு."