ஒன்பதாவது இடம்

சைக்கிள் பந்தயத்தில் நான்கு முறை சாம்பியன் பட்டம் வாங்கியவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பதினான்கு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தாள். கொட்டிய முடி திரும்ப முளைத்தது. விரல் நுனிகளில் மட்டும் மருந்து கொடுத்த மரமரப்பு விடவில்லை. கியர் மாற்றும்போது விரலை நம்ப முடியாது, சத்தத்தைத்தான் நம்ப வேண்டும். அப்படியே எட்டு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு, அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க டாக்டரின் சான்றிதழோடு சைக்கிள் சங்க அலுவலகத்துக்குப் போனாள்.

செயலாளர் காகிதத்தைப் பிரிக்கவே இல்லை. கொடி அசைத்துத் தொடங்கி வைத்தாலே போதும், திறந்த ஜீப்பில் முன்னால் போகலாம், பத்திரிகைக்கும் நல்ல படம் கிடைக்கும் என்று இழுத்தார். அதையும் துணைக்கு வந்த கணவனைப் பார்த்தே சொன்னார்.

"நீங்கதான் எடுத்துச் சொல்லணும் சார்."

"அவ இங்கதானே உக்காந்திருக்கா," என்றான் கணவன். "அவகிட்டயே சொல்லுங்க."

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றியெரிந்தது. "நான் செத்துட்டேன்னா அதுல போட்டிருக்கு? படிச்சுப் பாத்துட்டு நம்பர் குடுங்க."

வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

எண்பது கிலோமீட்டர் பந்தயம். அறுபது வரை முன்வரிசையோடு ஒட்டிக்கொண்டே போனாள். மேடு வந்ததும் மூச்சு வாங்கியது. முன்னால் போன இப்போதைய சாம்பியன், இருபது வயதுக்காரி, திரும்பிப் பார்த்தாள். இவள் ஒட்டிக்கொண்டு வரட்டும் என்று வேகத்தைக் குறைத்தாள். உடம்பெல்லாம் ஊசி குத்தியவர்கள் மேல்கூட இவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

"எனக்காக நிக்காத. போ."

போய்விட்டாள். ஒருத்தர் பின் ஒருத்தராக இன்னும் ஏழு பேர் இவளைத் தாண்டினார்கள்.

பந்தயம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் முதலிடக்காரிக்கு முன்பே இவள் பெயரைச் சொன்னார்கள். கூட்டமே எழுந்து கை தட்டியது. செயலாளர் சிறப்புக் கோப்பையோடு மேடையில் நின்றார். ஒன்பதாவதாக வந்தவளுக்குக் கோப்பை எந்த விதியில் இருக்கிறது என்று ஆள் விட்டுக் கேட்டாள், மேடை ஏறவில்லை.

நேரே இளையவளிடம் போனாள். "மேட்டுல ஏன் மெதுவாப் போனே?"

"பாவமா இருந்துச்சுக்கா."

பொய் சொல்லாததால் அறையத் தோன்றவில்லை. "அடுத்த மாசமும் வருவேன். அப்பவும் பாவம் பாத்தேன்னு வை, பட்டம் உன் கையில இருக்காது."

இளையவள் சிரிக்கவில்லை. "வாங்கக்கா. அடுத்த தடவை விட மாட்டேன்."

கோபம் இறங்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கணவனிடம் போய், பசி உயிரை எடுக்கிறது, முதலில் சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடு என்றாள்.