பெற்றுக்கொண்டவர்

அந்தக் கன்னியர் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்தப் பொறுப்பை விட்டுப் போனாலும், அதை வாங்கிக்கொள்ள ஒருவர் எதிரே நிற்க வேண்டும். அதற்கென்று நீளமாக ஒரு ஒப்படைப்பு ஏடு. இடப்பக்கம் 'ஒப்படைத்தவர்', வலப்பக்கம் 'பெற்றுக்கொண்டவர்'. இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும். பள்ளியைத் தொடங்கிய சிஸ்டர்மார் மடத்துக்குள் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட விதி. பிறகு ஆய்வுக்கூடம், நூலகம், வாயிற்கதவு என்று எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வரியில்கூட வலப்பக்கம் காலியாக இருந்ததில்லை. கடைசியாக ஒருவர் மிஞ்சுவார், அவர் யாரிடம் கொடுப்பார் என்று அந்தப் புண்ணியவதிகளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்படி மிஞ்சியவர்தான் ஆபீஸ் டீச்சர். பாடம் நடத்துகிறவர் அல்ல, அலுவலக எழுத்தர். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பேராகிவிட்டது.

பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள், மடத்தில் சேரப் பெண்களும் வருவதில்லை, ஆகவே இந்த வருஷத்தோடு பள்ளியை மூடுகிறோம் என்று சபையின் தலைமை இல்லத்திலிருந்து வந்த கடிதத்தைக் கோயிலில் பூசை முடிந்ததும் வாசித்தார்கள். அன்றைக்கு எல்லோரும் அழுதார்கள். மறுநாளிலிருந்து எல்லோரும் வேலை தேடினார்கள். வேலை கிடைத்தவர் ஒவ்வொருவரும் சாவியைத் தூக்கிக்கொண்டு நேரே வந்தது ஆபீஸ் அறைக்குத்தான்.

"நீங்க எப்படியும் கடைசியாத்தானே போவீங்க டீச்சர்" என்பார்கள். அவரும் தலையாட்டுவார். வேதியியல் டீச்சர் அமிலப் புட்டிகளையும் ஒரு எலும்புக்கூட்டையும் ஒப்படைத்தார். விளையாட்டு வாத்தியார் பதினான்கு பந்துகளை ஒப்படைத்தார்; ஒன்பதில் காற்று இல்லை. வாட்ச்மேன் கேட்டுச் சாவியைத் தந்துவிட்டு ஒரு கும்பிடும் போட்டார். எல்லா வரியிலும் வலப்பக்கம் ஒரே கையெழுத்து. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் வித்தை ஆபீஸ் டீச்சருக்குப் பிறவியிலேயே கிடையாது.

பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவர் வீட்டுக்காரர் அப்போதே எச்சரித்தார். "கேக்கறவங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு நிக்காத. உனக்கு யாரு போடுவா?" என்றார். ஹெட் சிஸ்டர் இருக்கிறாரே என்றார் இவர்.

ஹெட் சிஸ்டரும் வெள்ளிக்கிழமை ஒரு பையோடு வந்து நின்றார். மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தூரத்து மடம் ஒன்றில் போய்ச் சேர வேண்டும். கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுத்தவர், மறுபேச்சுப் பேச முடியாது. எழுபது வயதுப் பெண்மணி பையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே ஏட்டை நீட்டும்போது ஆபீஸ் டீச்சரின் கை தானாகப் பேனாவைத் தேடியது. கையெழுத்து விழுந்தது. சிஸ்டர் பள்ளி முத்திரையை மேசையில் வைத்தார், இவர் நெற்றியில் சிலுவை வரைந்தார், கார் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஆபீஸ் டீச்சருக்கு உறைத்தது, தன்னிடமிருந்து பெற்றுக்கொள்ள இனி ஒருவரும் இல்லை என்று.

ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு பள்ளியில் அவருக்கு வேலை உறுதியாகியிருந்தது. ஓய்வு பெறும்வரை இருக்கக்கூடிய வேலை. திங்கட்கிழமை பத்து மணிக்குள் விடுவிப்புக் கடிதத்தோடு வர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அங்கே கறாராகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி வீட்டையே மாற்றியாகிவிட்டது. புது வீட்டிலிருந்து புதுப் பள்ளி இரண்டு தெரு.

சனிக்கிழமை, சாமான் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தலைமை இல்லத்துக்குப் போன் செய்தார். யாரையாவது அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது என்றதற்கு, கட்டடத்துக்கு ஒரு முடிவு தெரியட்டும், அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்களைப் போல யார் வருவார் என்றார்கள். ஒரு நாள் வந்து பெற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு வேதியியல் டீச்சரும் உங்களைப் போல யார் வருவார் என்றார். வாட்ச்மேன் மட்டும் உள்ளதைச் சொன்னார்: "நான் விடுபட்டவன் டீச்சர். நீங்கதானே கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க."

ஞாயிறு சாயங்காலம் ஹெட் சிஸ்டர் போனில் கிடைத்தார். அவருக்கும் வருத்தம்தான். "முத்திரை உங்கிட்டதானேம்மா இருக்கு. நீயே எழுதி நீயே போட்டுக்க. ஆண்டவர் புரிஞ்சுக்குவார்" என்றார். ஆண்டவர் புரிந்துகொள்வார் என்பதில் ஆபீஸ் டீச்சருக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் புதுத் தலைமையாசிரியரைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் வீட்டுக்காரரிடம் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி மூடிய பள்ளிக்கு வந்தார். கடிதத்தைத் தட்டச்சு செய்தார். ஏட்டைத் திறந்து இடப்பக்கம் கையெழுத்துப் போட்டார், வலப்பக்கமும் போட்டார். திருடுகிற மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டே முத்திரை குத்தினார். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார்.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"விடுவிச்சது யாரும்மா?"

"நான்தான் சார்."

"விடுபட்டது?"

"அதுவும் நான்தான்."

அவர் சிரிக்கவில்லை, கெட்ட மனிதர் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து வைத்தார். அந்தப் பள்ளியிலிருந்து வந்து இங்கே இடம் வாங்கியிருக்கும் அறுபத்து மூன்று பிள்ளைகளின் பெயர்கள். தேர்வு முடிவே போன வாரக் கடைசியில்தான் வந்தது என்பதால் ஒருவருக்கும் மாற்றுச் சான்றிதழ் இன்னும் எழுதப்படவில்லை. அதில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். பள்ளிப் பொறுப்பில் இருக்கிறவர் என்றார் இவர்.

"நீங்க இங்க சேந்த நிமிஷமே அப்படி ஒரு ஆளே இல்லாம போயிடுது. இந்தப் பிள்ளைங்க அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. நீங்களே சொல்லுங்கம்மா, உங்களைச் சேத்துக்கட்டுமா?"

சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தைதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பட்டியலில் முதல் பெயர் கண்ணில் பட்டது. தகப்பன் இல்லாத பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் இவர்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார். இரண்டாவது பெயரும் தெரியும். மூன்றாவதும்.

"வேண்டாம் சார்" என்றார் ஆபீஸ் டீச்சர்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்தவரைக் கூப்பிடச் சொல்லி உதவியாளரிடம் தணிந்த குரலில் சொன்னார்.

மறுபடி இரண்டு பஸ். கேட்டைத் திறந்து, உள்ளே போய், திரும்பப் பூட்டிக்கொண்டார். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை இறக்கித் தூசி தட்டி எழுத ஆரம்பித்தார். முப்பது வகுப்பறையிலும் ஒரு சத்தமில்லை. ஒன்பதாவது சான்றிதழில் 'பள்ளியை விட்டு விலகும் காரணம்' என்ற இடத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது எல்லாப் பிள்ளைகள் மீதும் திடீரென்று கோபம் வந்தது. ஐந்து நிமிஷம் அழுதார். பிறகு பத்தாவதை எடுத்தார்.

நாலு மணிக்கு வீட்டுக்காரரிடமிருந்து போன்.

"சேந்துட்டியா?"

சொல்லியிருக்கலாம். அவர் திட்டமாட்டார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தைதான் சொல்வார். அந்த ஒரு வார்த்தையை இன்றைக்குத் தாங்க முடியாது.

"சேந்துட்டேங்க."

"நல்லபடியா நடத்துறாங்களா?"

"மரியாதையாத்தான் பேசினாங்க."

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். அரை நாள் லீவு போட்டுவிட்டேன், சாமானெல்லாம் பிரித்து அடுக்கிவிட்டேன் என்றார். "அஞ்சு மணிக்கு உன் ஸ்கூல் வாசல்ல வந்து நிக்கிறேன். முதல் நாள். ரெண்டு தெருதானே, பேசிக்கிட்டே நடந்து வரலாம்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"சரிங்க, வாங்க" என்றார்.

இரண்டு பஸ்ஸும் உடனே கிடைத்தால்கூட அங்கே போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.