தேய்மானம்

புதுச் சாணைக்கல் வந்த மூன்றாம் நாள் தச்சரின் மனைவி தேய ஆரம்பித்தாள். முதலில் போனது கைரேகை. ரேஷன் கடைக் கருவியில் நாலு தரம் விரலை வைத்தும் ஆளே இல்லை என்று காட்டியது. கையைக் கழுவிட்டு வாங்கம்மா என்றான் கடைக்காரன். பாவம், அவள் கழுவிவிட்டுத்தான் போயிருந்தாள்.

தச்சர் கெட்டிக்காரர், அதை எவனும் மறுக்க முடியாது. பழைய கல் நடுவில் குழி விழுந்து, அதில் தீட்டிய இழைப்புளித் தகடு வளைந்துபோய், அலமாரிக் கதவு இணைப்பில் வெளிச்சம் தெரிந்தது. அலமாரிக்குச் சொந்தக்காரன் எதிரிலேயே மானம் போச்சு. மறுநாளே கடைக்குப் போய் ஒவ்வொரு கல்லிலும் சொட்டுத் தண்ணீர் விட்டு, எது எவ்வளவு சீக்கிரம் குடிக்கிறது என்று பார்த்தார். நகத்தால் கீறினார், தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். கடைசியில் ஒரு சாம்பல் கல்லை எடுத்தார். “இது தேயாதுங்க. ஆனா தேய்மானம் எங்கயாவது போய்த்தானே ஆகணும்?” என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். எங்கே என்று இந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், அதுதான் இல்லை.

இரண்டு வருஷத்தில் அவள் மூக்கு மழுங்கியது, முழங்கால் வழவழவென்று ஆனது. பட்டறையில் தீட்டும் சத்தம் கேட்டால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருமுறை கல்லை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள். அவர் தேடி எடுத்தார், திட்டவில்லை, பதமாகக் கழுவித் துடைத்தார். “என்னங்க, வேற கல்லு வாங்கக் கூடாதா?” என்று கேட்டாள். வாங்கவும் செய்தார். மூணே வாரத்தில் அதில் குழி விழுந்தது. “இந்த ஒரு மேஜை முடியட்டும்மா” என்று பழையபடி சாம்பல் கல்லை எடுத்தார். அதற்குப் பிறகு எத்தனை மேஜை முடிந்ததென்று ஊருக்கே தெரியும்.

அவள் தம்பியும் தச்சர்தான், பக்கத்துத் தெருவில் பட்டறை. அக்காவைப் பார்க்க வந்தவர், மின்விசிறி போட்டால் பறந்துவிடுவாள் என்று கட்டில் காலோடு அவளைப் புடவையால் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு மாமாவின் சட்டையைப் பிடித்தார். “நீங்கல்லாம் மனுஷனா?” மாமா உளியை எடுத்துத் தன் முன்கையில் ஒரு இழு இழுத்தார். ரோமம் சத்தமில்லாமல் உதிர்ந்தது. தம்பி சட்டையை விட்டார். உளியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆறாம் வருஷம், ஒரு டாக்டர் வீட்டு மேஜைக்குக் கடைசித் தீட்டு தீட்டியபோது அவள் முடிந்தாள். கட்டிலில் முடிச்சு அவிழாத புடவை கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. மேஜை பிரமாதமாக வந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களே அதைத் தடவிப் பார்த்தார்கள். தச்சர் அழுதார், நிஜமாகவே அழுதார். மறுநாள் உளி தீட்டியபோது அவருடைய கட்டைவிரல் நகம் காணாமல் போயிற்று. வீட்டில் வேறு ஆள் இல்லையே. உடனே கல்லைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார்.

மூன்றாம் நாள் தம்பி வந்தார். அக்கா படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

“மாமா, அந்தக் கல்ல என்ன பண்ணப் போறீங்க?”

“எடுத்துட்டுப் போ மாப்ள. இனிமே எனக்கு எதுக்கு?”

“எத்தன வருஷம் வரும்?”

“உங்கக்காவுக்கு ஆறு வந்துச்சு. உன் வீட்டுக்காரி நல்ல உடம்புதானே, பத்துக்குக் குறையாது.”

தம்பி கல்லைப் பையில் வைத்துக்கொண்டார். போகிற வழியில் பால் கடையில் நின்று, நாளையிலிருந்து வீட்டுக்கு அரை லிட்டர் கூடுதலாகப் போடச் சொன்னார்.